பொதுச்சொத்து என்னும் பெயரும் கணக்குக் கேட்கும் உரிமையும்

"சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனிகள் நிறைந்திருக்கும் தேசத்திற்கு அன்னிய மூலதனம் வராது, வந்தாலும் நிற்காது" என்று ஒரு கூட்டத்தார் ஓயாமல் பஜனை பாடி வருகிறார்கள். "சர்க்கார் கம்பெனி என்றால் அது மக்கள் சொத்து, அதன் நடவடிக்கையைப் பற்றிக் கேள்வி கேட்கிறவன் அன்னிய முதலாளியின் கையாள்" என்று மற்றொரு கூட்டத்தார் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடி வருகிறார்கள். இரண்டு பாட்டையும் கேட்கிற பாமர மக்களோ, இரண்டில் எது சத்தமாயிருக்கிறதோ அதற்குத் தலையாட்டிவிட்டு வீடு போய்ச் சேருகிறார்கள். இந்த இரண்டு பாட்டிலும் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். மதமாயிருந்தாலும் சரி, மூலதனமாயிருந்தாலும் சரி, நம்பு என்று சொல்லப்படுவதை நம்பாமல், நடந்ததை வைத்து நிதானிப்பதே பகுத்தறிவுள்ளவர்களின் கடமை என்பது நமது அபிப்பிராயம்.

முதலாவது பாட்டையே முதலில் எடுத்துக் கொள்ளுவோம். சர்க்கார் கம்பெனி என்றால் அன்னிய மூலதனம் ஓடிவிடும் என்பது உண்மையா? சைனாவைப் பாருங்கள். அந்நாட்டின் மிகப் பெரிய பாங்கியான ஐ.சி.பி.சி. என்பது சர்க்காருடையது. அதன் தலைவரை நியமிக்கும் அதிகாரம் ஆளும் பொதுவுடைமைக் கட்சியின் கையில் இருக்கிறது. அப்படிப்பட்ட பாங்கியின் பங்குகள் 2006-ஆம் வருஷத்தில் விற்பனைக்கு வருவதற்கு முன்பே, அமெரிக்காவின் கோல்ட்மன் சாக்ஸும், ஜெர்மனியின் அல்லயன்ஸும், அமெரிக்கன் எக்ஸ்பிரஸும் சேர்ந்து சுமார் 378 கோடி டாலரைக் கொண்டுபோய்க் கொட்டின. பிறகு ஹாங்காங்கிலும் ஷாங்காயிலும் பங்கு விற்றபோது, அது அதுவரை உலகம் கண்ட பங்கு விற்பனைகளிலெல்லாம் பெரியதாய் முடிந்தது. பிரேசிலின் பெட்ரோபிராஸ் என்னும் எண்ணெய்க் கம்பெனியும் அந்நாட்டுச் சர்க்காரின் ஆதிக்கத்தில் உள்ளதுதான். அது 2010-ஆம் வருஷத்தில் சுமார் 7,000 கோடி டாலருக்குப் பங்கு வெளியிட்டதில், பெரும்பகுதியை அந்தச் சர்க்காரே எண்ணெய்க்கு ஈடாக எடுத்துக் கொண்டது என்றாலும், மீதியை வாங்க அன்னியரும் போட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். அதே 2010-இல் நம் நாட்டில் கோல் இந்தியா என்னும் சர்க்கார் நிலக்கரிக் கம்பெனியின் 10 சதவிகிதப் பங்கைப் பங்கொன்று ரூ. 245 வீதம் விற்றபோது, விற்பனைக்கு வைத்ததைப் போல் சுமார் 15 மடங்கு கேட்பு வந்தது. சர்க்காருக்குச் சுமார் 15,000 கோடி ரூபாய் சேர்ந்தது.

ஆகவே சர்க்கார் என்ற பெயரைக் கேட்டதும் பேயைக் கண்ட குழந்தைபோல் அன்னிய மூலதனம் ஓடுகிறது என்பது கட்டுக்கதையே. மூலதனத்திற்குக் கொள்கையும் கிடையாது, வெட்கமும் கிடையாது. லாபம் வருமா, போட்ட பணம் திரும்புமா என்ற இரண்டே கேள்விதான் அதற்குத் தெரியும். அந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைத்தால் அது கம்யூனிஸ்டின் பாங்கியிலும் பணம் போடும், மன்னனின் எண்ணெய்க் கிணற்றிலும் பணம் போடும்.

அப்படியானால் அது எதற்குத்தான் பயப்படுகிறது? இதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் கோல் இந்தியாவின் கதையையே தொடர்ந்து பார்க்க வேண்டும்.

லண்டனில் "சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் பண்டு" என்று ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. பெயரைக் கண்டு யாரும் மயங்க வேண்டாம். லாபத்தில் ஒரு பகுதி குழந்தைகளுக்கான தர்ம ஸ்தாபனத்திற்குப் போகும்படி ஆரம்பிக்கப்பட்டதால் வந்த பெயரே தவிர, வேலையெல்லாம் பங்கு வியாபாரந்தான். இந்த ஸ்தாபனம் கோல் இந்தியாவில் சுமார் ஒரு சதவிகிதப் பங்கு வாங்கியது. அப்போது சர்க்காரிடம் 90 சதவிகிதம் இருந்தது. 2012-ஆம் வருஷ ஆரம்பத்தில் கோல் இந்தியா ஒரு புது விலைத் திட்டத்தை வெளியிட்டது. மின்சார முதலாளிகள் கூச்சல் போட்டார்கள். மந்திரி இலாகாவின் முகம் மாறியது. ஒரே மாதத்திற்குள் விலை கீழே இறக்கப்பட்டது. அதே வருஷம் ஏப்ரலில், மின்சார நிலையங்களுக்கு ஒப்பந்த அளவில் 80 சதவிகிதம் கரி கொடுப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் அபராதம் என்று ஜனாதிபதியின் பெயரால் கம்பெனிக்கு உத்தரவு வந்தது. கம்பெனியின் சுயேச்சை டைரக்டர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபணை ஆட்சேபணையாகவே நின்றது. உத்தரவு உத்தரவாகவே நடந்தது.

லண்டன்காரன் சும்மா இருக்கவில்லை. "வெளிநாட்டுக் கரி விற்கும் விலையைவிடப் பெரிதும் குறைத்து விற்று, மந்திரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, பங்குதாரர்களுக்கு நஷ்டம் உண்டாக்கினீர்கள்" என்று டைரக்டர்கள் மீதே 2012-இல் கோர்ட்டுக்குப் போனான். அது மாத்திரமல்லாமல், இந்தியா பிற தேசங்களோடு செய்து கொண்டிருந்த முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகளின்படி சர்வதேசப் பஞ்சாயத்துக்கு இழுப்பதாகவும் நோட்டீசு கொடுத்தான். கடைசியில் 2014-இல் பங்குகளை விற்று, வழக்கையும் விட்டுவிட்டு மூட்டை கட்டினான். இதைக் கண்டு "பார்த்தீர்களா, சர்க்கார் கம்பெனியின் லட்சணம்!" என்று ஒரு கூட்டமும், "பார்த்தீர்களா, அன்னியனின் திமிர்!" என்று மற்றொரு கூட்டமும் கைகொட்டின.

நாம் கேட்பது வேறு. ஒரு சதவிகிதக்காரன் கணக்குக் கேட்டான். 90 சதவிகிதக்காரர்கள் எங்கே போயிருந்தார்கள்?

தோழர்களே! அந்த 90 சதவிகிதத்திற்குச் சொந்தக்காரர்கள் யார்? மந்திரியா? காரியதரிசியா? அவர்கள் மாத்தியஸ்தர்களே அல்லாமல் சொந்தக்காரர்கள் அல்ல. நீங்களும் நாமும், ஜாரியாவிலும் சிங்கரௌலியிலும் கரி தோண்டுகிறவனும், சுரங்கத்திற்காக நிலத்தை இழந்தவனும், விளக்குக்கு வரி கொடுக்கிறவனுந்தான் சொந்தக்காரர்கள் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தச் சொந்தக்காரர்களில் எவனாவது "ஏன் விலையை ஏற்றினாய்? ஏன் ஒரே மாதத்தில் இறக்கினாய்? இறக்கியதால் மிச்சமான பணம் ஏழையின் மின்சாரக் கட்டணத்தில் குறைந்ததா, மின்சார முதலாளியின் பெட்டியில் சேர்ந்ததா?" என்று பங்குதாரன் என்ற முறையில் எழுந்து கேட்க முடிந்ததா? தகவல் உரிமைச் சட்டத்தின்படி மனுப் போடலாம் என்பார்கள். மனுப் போட்டுக் காகிதம் வாங்கலாமே தவிர, டைரக்டரைக் கூண்டில் நிறுத்த முடியாது. பார்லிமெண்டுக் கமிட்டி இருக்கிறது, தணிக்கை அதிகாரி இருக்கிறார் என்பார்கள். இருக்கிறார்கள், அவர்கள் எழுதும் அறிக்கைகளில் பயனுள்ளவை பல உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் குதிரை ஓடிப்போய் நாளான பிறகு லாயத்தின் கதவைப் பற்றி எழுதும் அறிக்கைகள் அவை.

ஊர்க்கோவில் நிலத்தைச் சாமியின் சொத்து என்கிறார்கள். சாமி ஒருநாளும் கணக்குக் கேட்பதில்லையாதலால் தர்மகர்த்தாவுக்கு அதுவே சௌகரியம். பொதுக் கம்பெனியை மக்களின் சொத்து என்கிறார்கள். மக்களும் சாமியைப்போல் வாய் பேசாமலிருக்கும் வரையில் மந்திரிகளுக்கும் அதுவே சௌகரியம்.

இதில் மற்றொரு வேடிக்கையும் இருக்கிறது. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆஸ்திரேலியக் கம்பெனிக்கும் இதே கோல் இந்தியாவுக்கும் ஒரு சுரங்க ஒப்பந்தத்தைப் பற்றித் தகராறு வந்து, 2002-இல் சர்வதேச மத்தியஸ்தம் ஆஸ்திரேலியக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிற்று. அதை நிறைவேற்ற நம் கோர்ட்டுகளுக்கு வந்த கம்பெனி, வருஷக்கணக்காய்ப் படி ஏறி இறங்கிற்று. கடைசியில் உடன்படிக்கையைக் காட்டி வேறொரு சர்வதேசப் பஞ்சாயத்துக்குப் போயிற்று. "உங்கள் கோர்ட்டுகளின் காலதாமதத்தால் இவனுக்குப் பரிகாரம் இல்லாமற் போயிற்று" என்று இந்தியாவுக்கு எதிராக 2011-இல் தீர்ப்பாகி, சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலரை வட்டியோடு கொடுக்க நேர்ந்தது. அதற்குப் பின் சர்க்கார் விழித்துக்கொண்டு செய்தது என்ன? கோர்ட்டுகளின் தாமதத்தை ஒழித்ததா? இல்லை. அன்னியன் பஞ்சாயத்துக்குப் போகும் வழியைக் குறுக்கிப் புது மாதிரி உடன்படிக்கை ஒன்றை 2015-இல் தயாரித்து, பழைய உடன்படிக்கைகளை 2016 முதல் வரிசையாக முடித்துக்கொண்டது. நம் ஊரில் நிலத்தைக் கொடுத்துவிட்டு நஷ்டஈட்டுக்காகக் கோர்ட்டுப் படி ஏறி, தீர்ப்பைக் காணாமலே செத்துப்போகிறவனுக்கு எந்தச் சர்வதேசப் பஞ்சாயத்தும் கிடையாது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறோம். தாமதம் அன்னியனுக்கும் நமக்கும் ஒன்றுதான். அதற்குப் பரிகாரம் தேடும் வழிதான் அவனுக்கு இருந்தது, நமக்கு இல்லை.

நிற்க. "விலையைக் குறைத்து விற்றது ஏழைகளுக்காகத்தானே? லாபத்தைவிட ஜனங்களின் நன்மை பெரிதல்லவா?" என்று கேட்கப்படலாம். நியாயமான கேள்விதான். பொதுக் கம்பெனி லாபத்திற்கு மாத்திரம் நடக்க வேண்டும் என்று நாம் ஒருபோதும் சொல்ல மாட்டோம். அந்த லண்டன்காரன் கேட்டபடியே கரி விலையை ஏற்றியிருந்தால், அந்தச் சுமை கடைசியில் குடிசை விளக்கின்மேல்தான் வந்து விழுந்திருக்கும். ஆனால் ஏழைக்குக் கொடுப்பதானால் எவ்வளவு கொடுக்கிறோம், யாருக்குக் கொடுக்கிறோம், யாருடைய பணத்திலிருந்து கொடுக்கிறோம் என்று சட்டசபையில் வைத்து, ஓட்டெடுத்து, வரவு செலவுத் திட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் கம்பெனியின் கணக்குக்குள்ளே ஒளித்துக் கொடுப்பது தர்மமல்ல, தந்திரமே ஆகும்.

ஓ.என்.ஜி.சி. என்னும் சர்க்கார் எண்ணெய்க் கம்பெனியைப் பாருங்கள். டீசல், மண்ணெண்ணெய், சமையல் எரிவாயு இவற்றின் விலையைச் சர்க்கார் பிடித்து வைத்திருந்த காலத்தில், அதனால் ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பங்கைக் கச்சா எண்ணெய் எடுக்கும் இந்தக் கம்பெனியின் தலையில் கட்டினார்கள். 2013-14-ஆம் ஒரே வருஷத்தில் அது விட்டுக்கொடுத்த தொகை 56,000 கோடி ரூபாய்க்கு மேல். எந்த விகிதப்படி? எந்தச் சட்டப்படி? பெரும்பாலும் வருஷம் முடியும் தறுவாயிலேதான் இவ்வளவு என்று உத்தரவு வரும். மண்ணெண்ணெய் வாங்கிய ஏழைக்கும் அதில் பங்கு உண்டு. டீசல் மோட்டார் வாங்கிய பணக்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு போயிற்று என்று சட்டசபை ஓட்டெடுத்து முடிவு செய்ததா?

அன்றியும், ஏழைகளின் பெயரைச் சொல்லி லாபத்தைப் பெரிதாக மதிக்காத இதே சர்க்கார், தன் கஜானாவில் துண்டு விழும்போது மாத்திரம் லாபத்தின்மேல் திடீர்க் காதல் கொண்டுவிடுகிறது. கோல் இந்தியாவிடம் குவிந்து கிடந்த ரொக்கத்தைக் கண்டு, 2014 ஜனவரியில் பங்கொன்றுக்கு ரூ. 29 வீதம் விசேஷ லாபப்பங்கு அறிவிக்கச் செய்தார்கள். மொத்தம் 18,000 கோடி ரூபாய்க்கு மேல். அதில் பத்தில் ஒன்பது பங்கு சர்க்காருக்கு. புதுச் சுரங்கத்திற்கும், இருப்புப் பாதைக்கும், தொழிலாளியின் பாதுகாப்புக்கும் எது தேவை என்று கம்பெனி நிதானித்ததால் வந்த முடிவா இது, அல்லது பட்ஜெட்டில் ஓட்டையடைக்க வந்த முடிவா என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

இனிப் பங்கு விற்பனை என்னும் நாடகத்தைப் பார்ப்போம். "பங்குகளை விற்று அன்னிய மூலதனத்தை வரவழைக்கப் போகிறோம்" என்று தமுக்கு அடிக்கிறார்கள். 2012 மார்ச்சில் ஓ.என்.ஜி.சி.யின் 5 சதவிகிதம் ஏலத்துக்கு வந்தது. சுமார் 12,700 கோடி ரூபாய் வசூலானது. வாங்கினவன் யார்? பெரும்பகுதியை வாங்கியது சர்க்காருக்கே சொந்தமான லைப் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். நாளைக்குத் தன் பெண்டாட்டி பிள்ளை தெருவில் நிற்கக்கூடாதே என்று குமாஸ்தாவும் வாத்தியாரும் கட்டிய இன்சூரன்ஸ் பணம், பட்ஜெட்டின் ஓட்டைக்கு அடைப்பாகப் போயிற்று. 2018 ஜனவரியில் இந்துஸ்தான் பெட்ரோலியத்தில் சர்க்கார் வைத்திருந்த 51.11 சதவிகிதத்தை 36,915 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கினவன் யார்? அதே ஓ.என்.ஜி.சி. அதுவும் கடன் வாங்கி வாங்கியது. வலது சட்டைப் பையிலிருந்து இடது சட்டைப் பைக்கு மாற்றிவிட்டு, "இதோ வருமானம்!" என்று காட்டுவதற்குப் பெயர் பொருளாதாரமா?

நம் நாட்டு நெய்வேலியும் இதற்கு ஓர் உதாரணந்தான். சர்க்கார் கம்பெனிகளிலும் குறைந்தது 10 சதவிகிதமாவது வெளியார் கையில் இருக்க வேண்டும் என்ற பங்கு மார்க்கெட் விதியைக் காட்டி, 2013-இல் நெய்வேலி லிக்னைட்டின் பங்கை விற்கப் புறப்பட்டார்கள். தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முடிவில் தமிழ்நாட்டுச் சர்க்காரின் ஸ்தாபனங்கள் 3.56 சதவிகிதத்தைச் சுமார் 360 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டன. நிறுவனம் தனியார் கைக்குப் போய்விடக்கூடாது என்ற தொழிலாளியின் கவலையை நாம் மதிக்கிறோம். அதற்காக அவன் நின்ற உறுதியையும் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு சர்க்காரின் பங்கை மற்றொரு சர்க்கார் வாங்கிக்கொண்டதால், நிலம் கொடுத்தவனுக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் கணக்குக் கேட்கும் உரிமை ஒரு வீசமாவது கூடிற்றா என்பதையும் சேர்த்துக் கேட்காமலிருக்க முடியவில்லை.

"இதெல்லாம் நம் தேசத்துத் தலையெழுத்து" என்று சிலர் சொல்லக்கூடும். தலையெழுத்து என்று ஒன்று கிடையாது. கடல் தாண்டிப் போனாலும் இதே காரணத்திற்கு இதே பலன்தான் என்பதற்குப் பிரேசிலே சாட்சி. "எண்ணெய் நம்முடையது" என்ற பெருங் கிளர்ச்சியின் பலனாக 1953-இல் பிறந்தது பெட்ரோபிராஸ். 2011 முதல் 2014 வரை, விலைவாசி ஏறாமல் தடுப்பதற்காக, வெளியில் வாங்கும் விலைக்கும் குறைவாகப் பெட்ரோலையும் டீசலையும் விற்கும்படி அதைச் சர்க்கார் வைத்திருந்தது. கம்பெனி கடனில் மூழ்கிற்று. போதாக்குறைக்கு, ஒப்பந்தக்காரர்களும் அரசியல்வாதிகளும் சேர்ந்து அதில் லஞ்சக் கொள்ளை நடத்தியதும் 2014-இல் வெளியாயிற்று. இடதுசாரிச் சர்க்கார் இருந்ததால் இப்படி ஆயிற்று என்றார்கள். பிறகு வலதுசாரி பொல்சொனாரோ வந்தார். டீசல் விலையைப் பற்றி லாரிக்காரர்கள் முணுமுணுத்ததும், 2021 பெப்ருவரியில் கம்பெனித் தலைவரை நீக்கி ஒரு ராணுவ ஜெனரலை வைக்கப்போவதாக அறிவித்தார். அடுத்த வியாபார நாளில் பங்கு விலை அய்ந்தில் ஒரு பங்கு சரிந்தது. அந்த ஜெனரலையும் மறு வருஷமே மாற்றினார். இடதுசாரி லூலா திரும்பி வந்து, 2024-இல் தாம் வைத்த தலைவரைத் தாமே நீக்கினார். இடமானாலும் வலமானாலும் சாவி கையில் இருந்தால் பெட்டியைத் திறக்காமல் இருக்க மனது வருவதில்லை.

லஞ்சக் கொள்ளையால் நஷ்டப்பட்டதாக நியூயார்க்கில் பங்கு வாங்கியவர்கள் வழக்குப் போட்டார்கள். 2018 ஜனவரியில் 295 கோடி டாலர் கொடுத்து ராஜி செய்து கொள்ள பெட்ரோபிராஸ் சம்மதித்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? பிரேசில் மக்களின் சொத்து என்று சொல்லப்பட்ட கம்பெனியின் பெட்டியிலிருந்துதான். சொந்தத் தேசத்தில் பங்கு வாங்கிய சிறு பங்குதாரனுக்கு அந்த ராஜியில் பங்கில்லை. அந்தக் கம்பெனியின் பேரால் பெருமைப்பட்ட பாமர மக்களுக்கோ அதைப்பற்றிப் பேசவே இடமில்லை. கோல் இந்தியாவில் கண்டது போலவே இங்கும், கேட்கத் தெரிந்தவனுக்கும் கேட்க வழியுள்ளவனுக்குமே கிடைத்தது.

கடன் கொடுக்கிறவனின் கதை இதற்கு நேர்மாறு. பங்கு வாங்குகிறவன் சர்க்கார் முதலாளியைக் கண்டால் சந்தேகப்பட்டு விலையைக் குறைத்துக் கேட்கிறான். அவன் குறைத்துக் கேட்பதும் பொதுச்சொத்துக்கு நஷ்டந்தான். விற்கப்படுவது நம் பங்கல்லவா? ஆனால் கடன் கொடுக்கிறவனோ, "கம்பெனி முழுகினாலும் சர்க்கார் காப்பாற்றும்" என்று சந்தோஷமாகக் கொட்டிக் கொடுக்கிறான். ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் என்னும் ஏழை நாட்டில், மூன்று சர்க்கார் கம்பெனிகள் 2013, 2014-இல் சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. சூரை மீன் பிடிக்கும் படகும், கடற்கரைக் காவலும் என்று காரணம் சொன்னார்கள். பார்லிமெண்டின் அனுமதியில்லாமலே நிதி மந்திரி சர்க்கார் ஜாமீன் எழுதிக் கொடுத்தார். அய்ரோப்பியப் பாங்கிகள் கேள்வி கேட்காமல் பணம் கொடுத்தன. பாதிக்கு மேற்பட்ட கடன் 2016 வரையில் மறைக்கப்பட்டே இருந்தது. வெளியானதும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் பிற தேசங்களும் உதவியை நிறுத்தின. நாணயத்தின் மதிப்பு விழுந்தது. கடன் தவணை தவறியது. அந்த ஜாமீன்கள் செல்லாதவை என்று அந்நாட்டு அரசியல் சட்ட மன்றம் பின்னால் சொன்னது. அந்த மந்திரி 2024-இல் நியூயார்க் கோர்ட்டில் குற்றவாளியென்று தீர்க்கப்பட்டார். ஆனால் இடையில் ரொட்டி விலை ஏறியபோது பட்டினி கிடந்தவன், கடன் பத்திரத்தைக் கண்ணாலும் பார்த்ததில்லை. இங்கே அன்னிய மூலதனம் சர்க்கார் கம்பெனியைக் கண்டு பயந்ததா? பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல் ஓடி வந்து கொடுத்ததனாலேயே அந்நாடு கெட்டது.

இவற்றையெல்லாம் சொன்னதும், "ஆகவே எல்லாவற்றையும் தனியாருக்கு விற்றுவிடுங்கள்" என்று சிலர் உடனே கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நிலக்கரிச் சுரங்கங்கள் 1971 முதல் 1973 வரை சர்க்கார் வசமானதற்கு ஒரு முக்கிய காரணம், தனி முதலாளிகள் மேலே கிடைத்ததைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, சுரங்கத்தையும் தொழிலாளியையும் நாசமாக்கினார்கள் என்பதுதான். மொசாம்பிக்குக்குக் கடன் கொடுத்ததில் தனியார் பாங்கிக்கும் பங்கு உண்டு. சர்க்காரை எடுத்துவிட்டுச் சேட்டை வைத்தால் கணக்குத் தானாகக் காட்டப்படும் என்பது, பழைய பூசாரியை விரட்டிவிட்டுப் புதுப் பூசாரியை வைத்தால் சாமி பேசும் என்பது போன்ற மூடநம்பிக்கையேயாகும்.

சர்க்கார் கம்பெனி ஒழுங்காக நடக்கவே முடியாது என்பதும் பொய். நார்வே பணக்கார நாடுதான். ஆனால் இங்கு நாம் பார்ப்பது பணத்தையல்ல, முறையை. அந்நாட்டு எண்ணெய்க் கம்பெனி 1972-இல் சர்க்காரால் ஆரம்பிக்கப்பட்டு, 2001-இல் ஓஸ்லோவிலும் நியூயார்க்கிலும் பங்கு மார்க்கெட்டுக்கு வந்தது. இன்றும் 67 சதவிகிதம் சர்க்காருடையது. அன்னியரும் பங்கு வைத்திருக்கிறார்கள். அங்கு மந்திரி, சொந்தக்காரன் என்ற முறையில் தன் விருப்பத்தைப் பங்குதாரர்களின் பொதுக் கூட்டத்தில் சொல்ல வேண்டுமே தவிர, டெலிபோனில் விலையை மாற்றக் கூடாது என்பது முறையாக இருக்கிறது. பிரேசிலிலேயே, 2018 மே மாதத்தில் லாரிக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் தேசமே ஸ்தம்பித்தபோது, டீசலுக்கு லிட்டருக்கு 46 சென்டாவோ குறைத்தார்கள். அதில் 16 வரிக் குறைப்பு, 30 சர்க்கார் கஜானாவிலிருந்து மான்யம் என்று பகிரங்கமாக எழுதி அறிவித்தார்கள். அது சரியா தப்பா என்று அந்நாட்டு மக்கள் வாதாட முடிந்தது. ஏனென்றால் தொகை தெரிந்தது, கொடுப்பவன் தெரிந்தான்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இவ்வளவுதான். சர்க்கார் ஒரு கம்பெனியை விலை குறைத்து விற்கச் சொன்னால், அந்த உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கே பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். அதனால் ஆகும் செலவு சட்டசபையின் ஓட்டுப் பெற்றுக் கஜானாவிலிருந்து கம்பெனிக்குக் கட்டப்பட வேண்டும். டைரக்டர்களை நியமிப்பதற்கும் நீக்குவதற்கும் காரணம் சொல்லப்பட வேண்டும். ஒரு சர்க்கார் ஸ்தாபனம் மற்றொன்றின் பங்கை வாங்கினால், அதை வருமானம் என்று பட்ஜெட்டில் எழுதக் கூடாது. கம்பெனியின் கடனுக்குச் சர்க்கார் ஜாமீன் கொடுப்பதானால் சட்டசபைக்குத் தெரியாமல் ஒரு காசுக்கும் கொடுக்கக் கூடாது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு சதவிகிதப் பங்கு வாங்கிய அன்னியன் எந்த அளவுக்கு டைரக்டரைக் கேள்வி கேட்கலாமோ, அந்த அளவுக்காவது சுரங்கத் தொழிலாளியும், நிலம் இழந்தவனும், மின்சாரம் வாங்குகிறவனும் கேட்கும் உரிமை சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

இவை அன்னிய மூலதனத்தை மகிழ்விப்பதற்கான யோசனைகள் என்று எவராவது சொல்லுவார்களானால், அவர்களுக்குப் பதில் சொல்ல நாம் தயார். அன்னியன் வந்தாலும் வரட்டும், போனாலும் போகட்டும். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால், வருகிறவன் நியாயமான விலை கொடுத்து வருவான். சூதாட வருகிறவன் வேறு இடம் தேடிக்கொள்வான். ஆனால் அவனுக்காக அல்ல இந்தக் கணக்கு. 2023-இன் விற்பனைக்குப் பின்னுங்கூட கோல் இந்தியாவில் சுமார் 63 சதவிகிதம் இன்னும் பொதுமக்களுடையது என்றே சொல்லப்படுகிறது. அந்த 63-க்கு உரியவர்கள் தொழிற்சங்கக் கூட்டத்திலும், கிராமக் கூட்டத்திலும், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவனிடத்திலும், "எங்கள் கம்பெனிக்கு நீங்கள் போட்ட உத்தரவுகளின் ஜாபிதா எங்கே?" என்று கேட்க ஆரம்பிக்க வேண்டுமென்று வேண்டிக்கொள்ளுகிறோம்.